கறுப்புப் பூச்சு மூலையில் ஏன் வெளுக்கிறது?

கடந்த இதழில், கறுப்பு மணிக்கூடு வாங்கலாமா என்று கேட்ட வாசகர் ஒருவருக்கு, "நிறத்தைப் பார்க்காதீர்கள், அடியில் இருக்கும் உலோகத்தைப் பாருங்கள்" என ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். அது பதிலல்ல, நழுவல் என்று திருகோணமலையின் நான்கு பக்கங்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. குற்றச்சாட்டு நியாயமானதுதான். ஆகவே இம்மாதப் பக்கங்கள் முழுவதையும் மணிக்கூடுகளின் மேற்பூச்சுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: நிலாவெளிக் கரையிலிருந்து புறாத் தீவுக்குச் சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றிச் செல்வது என் தொழில். பதினான்கு மாதங்களுக்கு முன் முழுக் கறுப்பில் ஒரு மணிக்கூடு வாங்கினேன். "பிவிடி பூச்சு, ஆயுளுக்கும் போகாது" என்றார் கடைக்காரர். இப்போது வார் மாட்டும் காதுகளின் மூலைகளில் வெள்ளை தெரிகிறது. நான் ஏமாற்றப்பட்டேனா? (நிலாவெளி வாசகர்)

பதில்: கடிதத்தோடு மணிக்கூட்டையும் கொடுத்தனுப்பியது நல்லதாயிற்று. பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, இடப்பக்கக் காதின் மூலையில் அரை அரிசிமணி அளவுக்கு வெளுப்பு இருந்தது. அதன் ஓரம் மெல்ல மெல்ல மங்கிப் போகாமல், உடைந்த முட்டையோட்டின் விளிம்பைப் போல வெட்டென முடிந்திருந்தது. அதற்குச் சற்றுக் கீழே, வாரின் ஊசி நுழையும் துளையருகில், ஊசிமுனை அளவான இரண்டு புள்ளிகளில் பழுப்புக் கறை. மூலையில் நடந்தது ஒன்று, புள்ளிகளில் நடந்தது வேறொன்று.

பிவிடி என்பது ஒரு பூச்சின் பெயரல்ல, பூசும் முறையின் பெயர். காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கிய அறை ஒன்றில் மணிக்கூட்டின் வெற்றுடலைத் தொங்கவிட்டு, டைட்டேனியம் போன்ற ஓர் உலோகத்தை மின்வில்லாலோ வாயு அயன்களின் தாக்குதலாலோ ஆவியாக்கி, நைதரசன் அல்லது காபன் தரும் வாயு ஒன்றை உள்ளே சிறிதளவு விட்டால், இரண்டும் சேர்ந்து உருவாகும் சேர்வை உடலின்மேல் அணு அணுவாகப் படிகிறது. டைட்டேனியமும் நைதரசனும் சேர்ந்தால் பொன்னிறம் வரும். காபனும் உடன் சேர்ந்தால் செம்பு, பழுப்பு, சாம்பல் என நிறம் மாறும். கறுப்புக்கு டைட்டேனியக் காபைட்டு, அலுமினியம் கலந்த நைத்திரைட்டு எனப் பல வழிகள் உண்டு. இதனால் "பிவிடி" என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பூச்சின் தரத்தைச் சொல்ல முடியாது. "அடுப்பில் சமைத்தது" என்றால் உணவு எதுவென்று தெரியாதல்லவா, அதைப் போலத்தான்.

இப்படிப் படியும் படலத்தின் தடிப்பு பெரும்பாலும் 1 முதல் 3 மைக்ரோன் வரைதான். நம் தலைமுடி ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன். ஆனால் அந்த மெல்லிய படலத்தின் கடினம் வியப்பூட்டும். நான்கு பக்கங்கள் கொண்ட கூர்மையான வைரக் கூம்பகம் ஒன்றை உலோகத்தில் அழுத்தி, பதியும் குழியை அளந்து கணிக்கும் விக்கர்ஸ் அளவீட்டில், மணிக்கூடுகளுக்குப் பயன்படும் 316எல் ரகத் துருப்பிடிக்காத உருக்கு 200 அளவில் நிற்கிறது; உங்கள் கடற்கரை மணலில் உள்ள படிகக்கல் மணிகள் 1000ஐத் தாண்டும்; டைட்டேனிய நைத்திரைட்டோ 2000ஐத் தாண்டும். மணல் உருக்கைக் கீறும், ஆனால் நல்ல பூச்சைக் கீறாது என்பதே இதன் பொருள். உங்கள் மணிக்கூட்டின் தட்டையான பக்கங்கள் பதினான்கு மாதக் கடலுக்கும் மணலுக்கும் பிறகும் கருமையாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் மூலை ஏன் போயிற்று? பஞ்சுத் தலையணையின்மேல் ஓர் அப்பளத்தை வைத்து விரலால் அழுத்திப் பாருங்கள். அப்பளம் மொறுமொறுப்பானதுதான், ஆனால் கீழே இருப்பது அமுங்கிக் கொடுப்பதால் அது நொறுங்குகிறது. நங்கூரச் சங்கிலியிலோ படகின் இரும்பு விளிம்பிலோ மணிக்கூடு மோதும்போது, பூச்சுக்கு அடியிலிருக்கும் மென்மையான உருக்கு குழிகிறது. அதோடு சேர்ந்து வளையத் தெரியாத பூச்சு வெடித்துச் சிதறுகிறது. மூலையில் மோதலின் விசை முழுவதும் ஒரு புள்ளியில் குவிவதோடு, கூரான விளிம்புகளில் பூச்சு ஏற்கெனவே தனக்குள் இறுக்கத்தோடுதான் படிந்திருக்கும். ஆகவே முதலில் போவது எப்போதும் மூலைதான். விளிம்பு வெட்டென முடிந்திருப்பதிலிருந்து, உங்களுக்கு விற்கப்பட்டது உண்மையான கடினப் பூச்சுதான் என்று துணிந்து சொல்வேன். வெறும் கறுப்பு வர்ணமாகவோ அரக்காகவோ இருந்திருந்தால், சட்டைக் கை உரசும் பக்கம் முழுவதும் புகையைப் போல மங்கியிருக்கும்.

பழுப்புப் புள்ளிகள்தான் எனக்குக் கவலை தருகின்றன. இத்தகைய பூச்சுகள் தாம் அரிபடுவதில்லை. ஆனால் படியும்போது தூசித் துகள் ஒன்று இடையில் நின்றிருந்தால் அங்கே கண்ணுக்குத் தெரியாத நுண்துளை ஒன்று விழுந்துவிடும். உப்புநீர் அதன் வழியாக உருக்கைத் தொடும்போது, சுற்றியுள்ள பெரிய பூச்சுப் பரப்புக்கும் அந்தச் சிறு உருக்குப் புள்ளிக்கும் இடையே ஒரு மின்கலமே உருவாகி, அரிப்பு முழுவதும் அந்தப் புள்ளியிலேயே குவிகிறது. வாருக்கும் காதுக்கும் இடையே உப்பு தங்கிக் காயாமல் கிடப்பது இதற்கு இன்னும் தோதானது. இதற்கு மருந்து ஒன்றுதான்: கரை ஏறியதும் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள்; வாரத்துக்கு ஒருமுறை வாரைக் கழற்றி, மென்மையான பழைய பற்தூரிகையால் அந்த இடுக்குகளைத் துலக்குங்கள்.

ஏமாற்றப்பட்டீர்களா என்றால், பொருளில் இல்லை, "ஆயுளுக்கும்" என்ற சொல்லில் ஆம். மீண்டும் பூசுவதென்றால் பழைய பூச்சு முழுவதையும் நீக்கி, குழிகளை மெருகிட்டு, மறுபடி வெற்றிட அறைக்கு அனுப்ப வேண்டும். நடுத்தர விலை மணிக்கூடு ஒன்றுக்கு அந்தச் செலவு கட்டாது. நானாக இருந்தால் அப்படியே கட்டிக்கொண்டு போவேன். அடுத்த முறை வாங்கும்போது, அடியிலுள்ள உருக்கையே கடினப்படுத்திய வகைகளைத் தேடிப்பாருங்கள். ஜெர்மனியின் சின் நிறுவனம் டெகிமென்ட் என்ற பெயரில் உருக்கின் மேற்பரப்பை 1200 விக்கர்ஸ் வரை கடினமாக்குகிறது. அது பூச்சே அல்ல, உருக்கின் தோலே இறுகிப்போவது. ஆகவே உரிவதற்கு அங்கே ஒன்றுமில்லை. அதற்குமேல் கறுப்புப் பூச்சும் இட்டால், அப்பளத்துக்கு அடியில் தலையணைக்குப் பதிலாகப் பலகை வைத்தது போலாகும்.

கேள்வி: மகனுக்குப் பரிசாக வாங்கவிருக்கிறேன். கடையில் நின்றபடியே எதைப் பார்த்துத் தீர்மானிப்பது? (திருகோணமலை நகர் வாசகி)

பதில்: மணிக்கூட்டைத் திருப்பிப் பின்மூடியை வாசியுங்கள். "ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் பேக்" என்று மட்டும் பொறித்திருந்தால், உருக்கு என்பது அந்த மூடி மாத்திரம்தான். பக்கத்திலேயே பொடி எழுத்தில் "பேஸ் மெற்றல் பெசல்" என்று இருப்பதையும் காண்பீர்கள். உடல் பித்தளையாகவோ நாகக் கலவையாகவோ இருக்கும் என்பதை அந்த நாகரிகமான சொற்கள் மறைத்துச் சொல்கின்றன. பித்தளையிலுள்ள நாகம் வெற்றிடத்தில் சூடேறினால் ஆவியாகி வெளியேறிப் படலத்தைக் கெடுத்துவிடும் என்பதால், அத்தகைய உடலுக்கு முதலில் நிக்கல், குரோமிய முலாம் இட்டு அடைத்த பிறகே மேற்பூச்சு இட வேண்டும். எத்தனை அடுக்கோ அத்தனை இடத்தில் பிரிந்துவர வாய்ப்புண்டு. "ஓல் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல்" என்று இருந்தால் பூச்சு போனாலும் பொருள் நிற்கும். கூர்மையான மூலைகள் இல்லாத, உருண்டு திரண்ட வடிவமாகவும் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: என் வாப்பா 1979இல் குவைத்திலிருந்து வந்தபோது கட்டியிருந்த பொன்னிற மணிக்கூடு இப்போது என்னிடம் இருக்கிறது. பின்புறத்தில் "பிளாக்கே ஓர் ஜீ 20 மைக்ரோன்" என்று வெட்டியிருக்கிறது. சில இடங்களில் பொன் போய்விட்டது. நகைக் கடையில் கொடுத்து முலாம் பூசலாமா? (கிண்ணியா வாசகர்)

பதில்: அந்த எழுத்துகளின் பொருளை முதலில் சொல்கிறேன். "பிளாக்கே ஓர்" என்பது பிரெஞ்சு மொழியில் பொன்முலாம். "ஜீ" என்றால் மின்முலாமிடல் முறையில் படியவைத்தது. 20 மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கு. பொன்னிறத்துக்காக இன்று பெயரளவில் தோய்த்தெடுக்கும் முலாம் அரை மைக்ரோன்கூட இருப்பதில்லை என்பதோடு ஒப்பிட்டால், உங்கள் வாப்பாவின் கையில் இருந்தது நிறைவான பொன். இன்றைய பொன்னிற மணிக்கூடுகள் பலவற்றில், அடியில் டைட்டேனிய நைத்திரைட்டின் கடினப் படலமும், நிறம் ஒத்துவருவதற்காக அதன்மேல் பெயருக்கு ஒரு மென்பொன் படலமும்தான் உண்டு. மேலிருக்கும் பொன் தேய்ந்தாலும் அடியிலிருப்பதும் பொன்னிறமே என்பதால் கண்ணுக்குப் புலப்படாது, கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு.

பழைய பொன்முலாம் மென்மையானது. அது வெடிப்பதில்லை, உரிவதில்லை. சோப்புக் கட்டியைப் போல உரசும் இடத்தில் கரைந்துகொண்டே போகிறது. நீங்கள் அனுப்பிய படத்தில், சாவி கொடுக்கும் குமிழின் பற்களில் மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் மட்டும் பொன் போய், பித்தளை மஞ்சள் தெரிகிறது. பெருவிரலும் ஆட்காட்டி விரலும் நாள்தோறும் காலையில் பிடித்த இடம் அது. பின்மூடியின் ஓரத்தில் மணிக்கட்டு எலும்பு அழுந்திய பக்கமும் அப்படித்தான்.

முலாம் பூசலாமா என்றால், பூசலாம். ஆனால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு பூசுங்கள். நகைத் தொழிலாளி முதலில் அதைச் சக்கரத்தில் பிடித்து மெருகேற்றுவார். அந்தச் சில நிமிடங்களில் காதுகளின் விளிம்பும், பின்புற எழுத்துகளும், மிச்சமிருக்கும் பழைய பொன்னும் சேர்ந்தே போகும். அதன்பின் இடும் முலாம் பெரும்பாலும் ஒரு மைக்ரோனுக்கும் குறைவாகத்தான் இருக்கும். தினமும் கட்டினால் இரண்டொரு வருடத்தில் பழையபடி ஆகிவிடும். இயந்திரத்தையும் கண்ணாடியையும் றப்பர் வளையத்தையும் கழற்றாமல் முலாம் கரைசலில் இறக்கச் சம்மதிக்கவே வேண்டாம். அந்தக் கரைசலில் பெரும்பாலும் சயனைட்டுச் சேர்வை இருக்கும், இடுக்கில் தங்கினால் உள்ளே இருக்கும் உருக்குப் பாகங்களையும் கெடுக்கும். பித்தளை தெரியும் இடத்தில் பச்சைக் களிம்பு கட்டியிருந்தால் மாத்திரம் அதை மரக்குச்சியால் சுரண்டித் துடைத்து, உள்ளே ஈரம் போகாதபடி றப்பர் வளையத்தைப் புதிதாக மாற்றி, வியர்வை குறைந்த நாட்களில் மட்டும் கட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிஎல்சி என்ற பூச்சில் உண்மையிலேயே வைரம் இருக்கிறதா? (மூதூர் மாணவர்)

பதில்: வைரக் கல் எதுவும் இல்லை. வைரமும், நம் போகலைச் சுரங்கத்தில் வெட்டியெடுக்கும் பென்சிற்கரியும் இரண்டும் காபன்தான் என்று படித்திருப்பீர்கள். வைரத்தில் ஒவ்வோர் அணுவும் அண்டையிலுள்ள நான்கு அணுக்களோடு நாற்புறமும் பிணைந்திருக்கிறது. பென்சிற்கரியில் மூன்றோடு மட்டும் பிணைந்து, தகடு தகடாக வழுக்குகிறது. டிஎல்சி எனப்படும் "வைரம் போன்ற காபன்" இந்த இரண்டு பிணைப்புகளும் ஒழுங்கின்றிக் கலந்த படலம். ஆகவே வைரத்தின் கடினத்தில் ஒரு பங்கும், பென்சிற்கரியின் வழுக்கலில் ஒரு பங்கும் அதற்கு வாய்க்கின்றன. 1971இல் ஐசன்பேர்க், சபோ ஆகிய இருவரும் காபன் அயன்களைப் பாய்ச்சி இத்தகைய படலத்தைப் படியவைத்ததை அறிவித்தார்கள். அந்தப் பெயரும் அங்கிருந்தே பரவியது. கலப்பின் விகிதத்தையும் ஐதரசனின் அளவையும் பொறுத்து அதன் கடினம் 1500 விக்கர்ஸிலிருந்து அதன் இருமடங்குக்கும் மேல்வரை மாறும். அது வழுக்கும் தன்மையுடையது என்பதால், மோதும் பொருள் பிடித்துக் கிழிக்காமல் சறுக்கிப் போகிறது. கறுப்பு மணிக்கூடுகளில் நான் பார்த்தவரை அதிக காலம் தாங்குவதும் இதுதான். ஆனால் அப்பளத்தின் கதை இதற்கும் பொருந்தும்.

கேள்வி: பொன்னிற மணிக்கூட்டைக் கட்டும் இடத்தில் தோல் சிவந்து அரிக்கிறது. வாங்கிய முதல் வருடம் இப்படி இருக்கவில்லை. (தம்பலகாமம் வாசகி)

பதில்: பூச்சு தேய்ந்து, அதற்கடியில் இருந்த நிக்கல் முலாம் வெளிவந்திருக்கக் கூடும், முதல் வருடம் ஒன்றும் நேராததற்கும் அதுவே விளக்கமாகலாம். வியர்வையிலுள்ள உப்பு நிக்கலைக் கரைத்துத் தோலுக்குள் செலுத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1994இலேயே இதற்குச் சட்டம் செய்தது: தோலோடு ஒட்டியிருக்கும் பொருளிலிருந்து வாரமொன்றுக்குச் சதுர சென்ரிமீற்றருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்றும், பூச்சிட்ட பொருளானால் சாதாரணப் பாவனையில் இரண்டு வருடமாவது அந்தப் பூச்சு இதைக் காக்க வேண்டும் என்றும் விதித்தது. துருப்பிடிக்காத உருக்கிலும் நிக்கல் உண்டு. ஆனால் அதன்மேல் தானாகவே உருவாகும் குரோமிய ஒட்சைட்டுப் படலம் அதைக் கட்டிவைப்பதால் கசிவு மிகக் குறைவு. அரிப்பு கொளுக்கியின் அடியில் மட்டுமா, பின்மூடியின் அடியில் முழுவதுமா என்று பாருங்கள். தோல் வாரைப் பதனிடும் இரசாயனங்களும், கழுவிய சோப்பு தங்குவதும்கூட இதைச் செய்யும். அதுவரை மணிக்கூட்டைக் கழற்றி வையுங்கள். சிவப்பு ஆறாவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். நகப்பூச்சைத் தடவி மறைக்கும் வழியைச் சிலர் சொல்வார்கள். நம் வெயிலில் அது சில நாட்களுக்குமேல் நிற்பதில்லை.

கேள்வி: எங்கள் ஊர் மணலில் டைட்டேனியம் இருக்கிறது என்கிறார்கள். மணிக்கூட்டுப் பூச்சிலும் டைட்டேனியம் என்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதானா? (புல்மோட்டை வாசகர்)

பதில்: ஒன்றேதான், இக்கேள்விக்காக நன்றி. புல்மோட்டையின் கரிய மணலில் மிகுதியாக இருக்கும் இல்மனைற்று, இரும்பும் டைட்டேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனிமம். அதோடு ரூட்டைலும் சேர்க்கோனும் கலந்திருக்கின்றன. உலகில் தோண்டும் இல்மனைற்றின் பெரும்பகுதி வெள்ளை வர்ணமாகவே முடிகிறது, சிறு பங்குதான் உலோகமாகிறது. டைட்டேனியமே 1791இல் இங்கிலாந்தின் கோர்ன்வாலில் இதே போன்ற கரிய மணலில்தான் கண்டறியப்பட்டது. அதற்கும் இரண்டு வருடம் முன்பு, 1789இல், கிளப்ரொத் என்ற ஜெர்மானியர் சிர்க்கோனியத்தைக் கண்டறிந்தது நம் இலங்கையிலிருந்து போன சேர்க்கோன் கல்லொன்றை ஆராய்ந்துதான். மணிக்கூட்டுத் தொழிலுக்கு அந்த இரண்டு தனிமங்களும் இன்றியமையாதவை. சிர்க்கோனிய ஒட்சைட்டைச் சுட்டெடுத்த பீங்கானைச் சுவிட்சர்லாந்தின் ராடோ நிறுவனம் 1986இலிருந்தே மணிக்கூடுகளில் பயன்படுத்திவருகிறது; அதில் கறுப்பு உள்ளும் புறமும் ஒன்றாகவே இருப்பதால் தேய்ந்தாலும் வெளுக்காது. சீமெந்துத் தரையில் விழுந்தால் உடையக் கூடும் என்பது மறுபக்கம்.

டைட்டேனியத்தால் முழு உடலையே செய்த முதல் மணிக்கூட்டைச் சிற்றிசன் நிறுவனம் 1970இல் எக்ஸ்-8 என்ற பெயரில் வெளியிட்டது. பாரம் குறைவு, கடல்நீர் அண்டாது, தோலை அரிக்காது. ஆனால் தூய டைட்டேனியம் உருக்கைவிட எளிதாகக் கீறுபடும். அதன் கடினச் சேர்வையைக் கொண்டே அதற்கு மேற்பூச்சிட வேண்டியிருக்கிறது என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே தோன்றும்.

கேள்வி: நீலக்கல் கண்ணாடி கீறாது என்று சொல்லித் தந்தார்கள். ஆறே மாதத்தில் மெல்லிய கோடுகள் தெரிகின்றன. பற்பசையால் தேய்த்தால் போகுமா? (உப்புவெளி வாசகர்)

பதில்: தேய்க்காதீர்கள். கீறியது பெரும்பாலும் கண்ணாடியல்ல, அதன் வெளிப்புறத்தில் உள்ள ஒளித்தெறிப்பைக் குறைக்கும் பூச்சு. நீலக்கல் என்பது குருந்தம். ஆங்கிலேயர் அதற்கு வைத்த பெயரும் நம் சொல்லிலிருந்து போனதே. வைரத்துக்கு அடுத்த கடினம் அதற்கு. ஆனால் சாதாரணக் கண்ணாடி ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் திருப்பினால், குருந்தம் 8 சதவீதத்தை நெருங்கும். நம் கடற்கரை வெயிலில் முகப்பு தெரியாமல் பளபளக்கும். அதைத் தடுக்கவே மிக மெல்லிய படலங்களை இடுகிறார்கள். உட்புறம் மட்டும் இட்டால் காலத்துக்கும் நிற்கும். வெளிப்புறமும் இட்டால் மணல் அதைக் கீறும். சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்: கோடுகளுக்கு இடையே நீலமோ ஊதாவோ ஒரு சாயல் தெரிந்து, கோடுகளில் அந்தச் சாயல் இல்லாவிட்டால், போனது பூச்சுதான். பற்பசை மிச்சமிருக்கும் பூச்சையும் திட்டுத் திட்டாகத் தின்றுவிடும். உறுத்தினால், அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்து, வைரத்தூள் பசையால் வெளிப்பூச்சு முழுவதையும் சீராக நீக்கச் சொல்லுங்கள். சற்றுக் கூடுதலாகப் பளபளக்கும், கோடு இருக்காது.